வழக்கறிஞரைத் தேடும் முன்: பணிக்கொடை கேட்கும் ஆசிரியர்களுக்கு

சற்றே நீண்ட பதிவு இது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தில்லியில் தொழிலாளர் சட்ட வரலாற்றை ஆய்ந்து வருபவன் என்பதால், கடந்த சில ஆண்டுகளாக ஒரே கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்கின்றனர்: "நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. தனியார் கல்லூரி ஆசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், ஆய்வுத் திட்டங்களில் பணிபுரிவோர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைகள். ஒருவருக்குப் பணிக்கொடை தரப்படவில்லை. மற்றொருவரின் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கெனப் பிடித்த தொகை அவர் கணக்கில் ஏறவில்லை. இன்னொருவருக்கு, ஒப்பந்தம் முடியச் சில வாரங்களே உள்ளன என்று காரணம் காட்டி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டுள்ளது.

முன்பெல்லாம் எனக்குத் தெரிந்த ஓரிரு பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. வழக்கறிஞரைத் தேடுவது இரண்டாவது வேலை என்றே கருதுகிறேன். நமது கோரிக்கை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, எந்த அதிகாரியின் முன் அதை வைக்க வேண்டும் என்று அறிந்துகொள்வதே முதல் வேலை. இந்த வரிசை மாறினால் எத்தனை ஆண்டுகள் வீணாகும் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். அந்த வீணடிப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆகவேதான் இப்பதிவு.

நான் குடியிருக்கும் வீட்டின் மேல்தளத்தில் ஒரு கணித ஆசிரியை வசிக்கிறார். நாங்கள் அனைவரும் அவரை ‘டீச்சர்’ என்றே அழைப்போம். ஒரு தனியார் பள்ளியில் 21 ஆண்டுகள் பணியாற்றி 2019 மார்ச் இறுதியில் ஓய்வுபெற்றார். கடைசியாக அவர் வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 41,600 ரூபாய். பணிக்கொடைச் சட்டம் சொல்லும் கணக்கு எளிது: அந்தத் தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். டீச்சருக்கு வர வேண்டியது 5,04,000 ரூபாய். கணித ஆசிரியை அல்லவா, ஓய்வுபெறும் நாளுக்கு முன்பே இதைத் தாளில் எழுதி வைத்திருந்தார். பள்ளி நிர்வாகம் தந்ததோ ஒரு சால்வை, ஒரு கேடயம், "ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை உண்டா என்பது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது" என்னும் ஒரு வாய்மொழி.

அவர் என்னிடம் கேட்டபோது, "தீர்ப்பு வரட்டும் டீச்சர், பொறுத்திருங்கள்" என்றேன். அது தவறான ஆலோசனை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், செல்லாது என்று அறிவிக்கப்படும் வரை செல்லும் என்பது முதலாண்டுச் சட்ட மாணவருக்கும் தெரியும். உரிய அதிகாரியிடம் ஒரு மனுவையாவது உடனே தாக்கல் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். நான் படித்தது வரலாறு. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு படிவம்.

பின்னர் அவர் உறவினர் மூலம் ஒரு வழக்கறிஞரைக் கண்டடைந்தார். நிலத் தகராறுகளில் பெயர் பெற்றவர், நேர்மையானவர். அவர் தொழிலாளர் நீதிமன்றத்தில், நிலுவைத் தொகையைக் கணக்கிட்டு வழங்கக் கோரி மனுச் செய்தார். கொரோனாக் காலம் குறுக்கிட்டது, வாய்தாக்கள் நீண்டன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், அந்த மனு அங்கே ஏற்கத்தக்கதன்று என்று தள்ளுபடியாயிற்று. இரண்டு காரணங்கள். முதலாவது, தொழில் தகராறுகள் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகார். இரண்டாவது, பணிக்கொடைக் கோரிக்கையை அதற்கென அமைந்த அதிகாரியிடமே கொண்டுசெல்ல வேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1979இலேயே கூறிவிட்டது. கட்டணமாக ஏறத்தாழ 40,000 ரூபாய் செலவழித்த பின்னர்தான் டீச்சருக்கு இவை தெரிய வந்தன.

இங்கே சற்று நின்று, ஆசிரியர் ஏன் ‘தொழிலாளி’ ஆகார் என்பதைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரைத் தேடுவதில் நாம் தடுமாறுவதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது.

1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்னும் வரையறைக்குள் வரும் என்று கூறியது. அப்படியெனில் அங்கே பணிபுரியும் ஆசிரியர் தொழிலாளியா? கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் ‘இல்லை’ என்று விடையளித்தது. கற்பித்தல் உடலுழைப்பும் அன்று, எழுத்தர் பணியும் அன்று. அது ஓர் உயரிய தொண்டு போன்றது என்பது அத்தீர்ப்பின் போக்கு. ஆகப் பள்ளியின் எழுத்தரும் ஓட்டுநரும் தொழிலாளர் நீதிமன்றம் செல்லலாம். ஆசிரியர் செல்ல இயலாது.

இதே தர்க்கம் பணிக்கொடைக்கும் வந்து சேர்ந்தது. பணிக்கொடை வழங்கல் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1997 ஏப்ரல் 3ஆம் நாளிட்ட அறிவிக்கையால் 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிறுவனங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்க வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் அடுக்கியிருந்த பணி வகைகளுள் ஆசிரியர் எதிலும் பொருந்தவில்லை என்று கூறி அவர்களை வெளியே நிறுத்தியது. நாடாளுமன்றம் 2009இல் ‘பணியாளர்’ என்னும் வரையறையையே திருத்தி, அத்திருத்தத்துக்கு 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு நடைமுறை அளித்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. இந்தியத் தனியார் பள்ளிகள் கூட்டமைப்பின் வழக்கில் 2022 ஆகஸ்ட் 29 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பேலா திரிவேதி அமர்வு திருத்தத்தைச் செல்லும் என்று உறுதிசெய்து, நிலுவையை வட்டியுடன் 6 வாரங்களில் வழங்குமாறு பள்ளிகளுக்கு ஆணையிட்டது.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று. நமது பணியைப் ‘புனிதம்’, ‘தொண்டு’ என்று பிறர் போற்றிய போதெல்லாம் நாம் மகிழ்ந்தோம். அந்தப் போற்றுதலே நமது பணப்பயனை மறுக்கும் காரணமாகச் சட்ட ஏடுகளில் ஏறியது. இன்றும் நம்மில் பலர் ‘தொழிலாளர் துறை அலுவலகம்’ என்ற பலகையைப் பார்த்தால் அது ஆலைத் தொழிலாளர்களுக்கான இடம் என்று எண்ணிக் கடந்து போகிறோம். அதனால்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதலில் தேடுவது உயர் நீதிமன்ற வழக்கறிஞரை. அவர் கோரிக்கைக்குரிய அதிகாரியோ மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தின் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார்.

இனி, எந்தக் கோரிக்கை எந்த வாசலுக்குரியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பணிக்கொடைக்கு, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ‘கட்டுப்பாட்டு அதிகாரி’ என்று அறிவிக்கப்பட்டவர், பெரும்பாலும் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் நிலையில் உள்ளவர். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம். தொகை கொடுபடத்தக்கதான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தராவிடில் அதிகாரியிடம் மனு. விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிடினும் தொகையைக் கணக்கிட்டு அறிவிக்கும் கடமை நிறுவனத்துடையது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி. அதிகாரியிடம் செல்ல 90 நாள் காலவரம்பு உண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்தருளவும் இடமுண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளைகள் கொண்ட நிறுவனமெனில் உரிய அரசு மத்திய அரசு. ஆகவே மனுவும் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பிடம் செல்ல வேண்டும். இன்று பல மாநிலங்களில் கிளை பரப்பியுள்ள பள்ளிகளையும் பயிற்சி மையங்களையும் நினைத்துப் பாருங்கள்.

வருங்கால வைப்பு நிதிக்கு, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வைப்பு நிதி ஆணையரே விசாரித்துத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் பெற்றவர். சம்பளத்தில் பிடித்த தொகையைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவும் கருதப்படும். நிதி அமைப்பே உரிய சேவையைச் செய்யத் தவறினால், உறுப்பினர் ஒரு நுகர்வோர் என்ற நிலையில் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அங்கே வழக்கறிஞர் இன்றித் தானே வாதிடலாம்.

மகப்பேறுப் பயனுக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது அப்பயனை மறுக்கும் காரணமாகாது என்று, தில்லியில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்த விரிவுரையாளர்கள் இத்தீர்ப்பை வாசித்திருக்க வேண்டும். உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவியர் பொதுவாகப் பணியாளர் ஆகார். அவர்களுக்குரியது பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை தரும் 240 நாள் விடுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதி மனு எழுதினால் இரண்டுமே கிடைக்காமல் போகும்.

இவற்றின் மேல் ஒரு புதிய அடுக்கும் வந்துள்ளது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 என்பது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. மேற்சொன்ன மூன்று துறைகளையும் அது ஒரே தொகுப்புக்குள் அடக்குகிறது. பணிக்கொடைக்கு 5 ஆண்டுத் தொடர்பணி, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்னும் அடிப்படை அப்படியே நீடிக்கிறது. ஆனால் குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஒப்பந்தம் முடிகையில் அந்த 5 ஆண்டு நிபந்தனை இல்லை; பணிபுரிந்த காலத்தின் விகிதப்படி அவருக்குப் பணிக்கொடை உண்டு. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுந்த பகுதி ‘ஊதியம்’ என்றே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைப் பெருக்கிக் காட்டும் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு இது பெரிய வேறுபாடு.

இத்தனையும் தெரிந்துவிட்டால் வழக்கறிஞர் எதற்கு என்று கேட்கலாம். நிர்வாகம் மறுக்காத வழக்குகளில் உண்மையாகவே தேவையில்லை. பணிக்கொடை அதிகாரியின் முன் விண்ணப்பதாரர் தானே நின்று வாதிடலாம். எழுத்து மூலம் அதிகாரமளித்த ஒருவரையும் அனுப்பலாம். பணப்பயன் சட்டங்களை இயற்றியோர் மனத்தில் கொண்டிருந்தது அதைத்தான். தொழில் தகராறுகள் சட்டமோ ஒரு படி மேலே சென்று, சமரசப் பேச்சில் வழக்கறிஞர்களை அறவே விலக்கியது; தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தாலே அவர்கள் தோன்றலாம் என்றது. பணமுள்ள தரப்பு பெரிய வழக்கறிஞரைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் நிறுவனத்தின் அலுவலராகவோ முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாகவோ உள்ள ஒருவர் வழக்கறிஞராகவும் இருந்தால் அவர் அந்தப் பதவியின் பெயரில் தோன்றலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின், அந்த வேலியில் பெரிய வழி திறந்துவிட்டது.

பணிக்கொடை விசாரணையிலும் நடப்பது இதுவே. ஆசிரியர் தனியே வருவார். நிர்வாகம் வழக்கறிஞரோடு வரும். தொடர்பணி இல்லை, தொகுப்பூதியம் ஊதியமாகாது, காலவரம்பு கடந்தது, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளது என்று எதிர்வாதங்கள் எழும். கௌரவ விரிவுரையாளர்களை 11 மாதத்துக்கு ஒருமுறை நீக்கி மீண்டும் சேர்ப்பது இதற்காகவே. 12 மாதத்தில் 240 நாள் பணி செய்திருந்தால், வாரத்தில் 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனமெனில் 190 நாள், அது ஓராண்டுத் தொடர்பணி என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டது. இதை நாள் கணக்கோடு நிறுவ, பழக்கப்பட்ட ஒருவர் உடன் இருப்பது நல்லது. ஆகவே வழக்கு எதிர்க்கப்படும் என்று தெரிந்தால் வழக்கறிஞரை அமர்த்துங்கள் என்றே சொல்வேன்.

அவரை எங்கே தேடுவது? இந்தியாவில் ‘பணப்பயன் வழக்கறிஞர்’ என்று எவருக்கும் சான்று அளிக்கும் அமைப்பு கிடையாது. ‘மூத்த வழக்கறிஞர்’ என்பது நீதிமன்றம் அளிக்கும் தகுதிநிலை. அது எந்தத் துறையிலும் தேர்ச்சிக்குச் சான்றன்று. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குக் கோரிச் செல்வதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2008 முதல் இணையதளத்தில் குறிப்பிட்ட சில விவரங்களை மட்டும் தரலாம். இணையத் தளங்கள் வழியாக வழக்குத் திரட்டுவோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு அறிவுறுத்தியது. ஆகவே கைப்பேசியில் தேடும்போது முதலில் தோன்றும் பெயரும் நட்சத்திரக் குறிகளும் எதையும் உணர்த்துவதில்லை.

நான் கண்ட நல்ல வழி மிகப் பழையது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு விசாரணை நாளன்று சென்று, பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். எவர் கோப்பைப் படித்துவிட்டு வருகிறார், எவர் வாய்தா வாங்குவதற்காகவே வருகிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் விளங்கிவிடும். அப்பகுதியின் தொழிற்சங்க அலுவலகத்தில் கேளுங்கள். தொழிலாளர் தரப்பில் தொடர்ந்து வாதிடும் வழக்கறிஞர்களை அவர்கள் அறிவார்கள். முன்பு உங்கள் நிறுவனத்தில் இதே தொகையைப் போராடிப் பெற்றவர் யாரேனும் இருந்தால் அவரைத் தேடிச் செல்லுங்கள்.

சந்திக்கும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். என் மனு எந்த அதிகாரியின் முன் செல்லும், ஏன்? என் தேதிகளுக்குப் பழைய சட்டம் பொருந்துமா, புதிய தொகுப்பா? காலவரம்பு என்ன, கடந்திருந்தால் என்ன செய்வீர்கள்? இத்தகைய மனுக்களை இதே அலுவலகத்தில் நடத்தியிருக்கிறீர்களா? இந்த நிர்வாகத்துக்காக எப்போதேனும் தோன்றியிருக்கிறீர்களா? விசாரணைக்கு நீங்களே வருவீர்களா, இளம் வழக்கறிஞரை அனுப்புவீர்களா? முதல் கேள்விக்கே "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடலாம். டீச்சரின் முதல் வழக்கறிஞரிடம் நாங்கள் யாரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை.

கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்னும் ஏற்பாட்டைப் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. அப்படிக் கேட்பவர் தம் தொழில் விதியையே மீறுகிறார். அசல் ஆவணங்களைத் தராதீர்கள், நகல் போதும். தாக்கல் செய்த ஒவ்வொரு தாளின் பிரதியையும் வாங்கி வையுங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மறுபுறம், வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் செல்ல இயலாது என்பது 2024 மே மாதத் தீர்ப்பு. தவறான ஒருவரைத் தேர்ந்த பின் நமக்குள்ள பரிகாரம் குறுகியது. ஆதலால் தேர்வில்தான் கவனம் வேண்டும்.

இன்னொரு செய்தியை எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உடையவர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். டீச்சர் ஒரு பெண். அந்த 40,000 ரூபாயைச் செலவழித்திருக்கவே வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியாது. முதல் வழக்கறிஞர் சொல்லவில்லை. தொழிலாளர் சட்டத்தை ஆய்பவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கும் தோன்றவில்லை. இலவச உதவி என்றால் தரமற்றது, ஏழைகளுக்கானது என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அப்படி ஒதுக்கப்படும் வழக்கறிஞர்களிலும் நல்லவர் உண்டு, அலட்சியமானவர் உண்டு. அவர்களிடமும் மேற்சொன்ன கேள்விகளையே கேட்கலாம்; மனநிறைவு இல்லையெனில் மாற்றித் தருமாறு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம்.

சங்கங்களில் ஈடுபாடுள்ள நண்பர்கள் இதற்கு ஓர் எதிர்ப்பைத் தெரிவிப்பார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி வழக்கறிஞரைத் தேடுவது கூட்டுப் போராட்டத்தைக் கரைத்துவிடும் என்பார்கள். அக்கருத்தில் நியாயம் இருக்கிறது. அகமதாபாத் வழக்கை நடத்தியது ஒரு சங்கம். அது தோற்றதும், தோல்வியிலிருந்தே சட்டத் திருத்தம் பிறந்ததும் தனியொருவரால் நடந்தவை அல்ல. ஆனால் ஓய்வுபெற்றவரின் 90 நாள், சங்கத்தின் அடுத்த மாநாடு வரை காத்திராது. தவிர, கௌரவ விரிவுரையாளருக்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் இன்று எத்தனை இடங்களில் சங்கம் இருக்கிறது? மனுவைத் தாக்கல் செய்துவிட்டுச் சங்கத்தைக் கட்டுவோம் என்பதே என் நிலைப்பாடு.

கல்விப்புலத்தினரிடம் எனக்கு இரு வேண்டுகோள்கள் உண்டு. சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையங்களை நடத்துகின்றன. தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு முகாம் செல்லும் அம்மையங்கள், தம் வளாகத்திலேயே பணிபுரியும் ஒப்பந்த ஆசிரியர், துப்புரவுப் பணியாளர், விடுதிச் சமையற்காரர் ஆகியோரின் பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் வாரத்தில் ஒருநாள் மேசை போட்டு அமரலாம். மாணவர்களுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது. அடுத்து, ஆய்வாளர் மன்றங்களும் ஆசிரியர் மன்றங்களும் ஒரு குறிப்பேடு வைக்கட்டும்: எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த வழக்கறிஞர் என்ன கட்டணத்தில் எப்படி நடத்தினார், எத்தனை மாதமாயிற்று என்று வழக்கு நடத்தியவரே எழுதி வைக்கட்டும். வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாதென்பது அவர்களுக்கான விதி. நமது அனுபவத்தை நாம் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

டீச்சரின் கதையை முடித்துவிடுகிறேன். 2022 தீர்ப்புக்குப் பின், ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் வழியாக ஓர் இளம் பெண் வழக்கறிஞர் கிடைத்தார். முதல் சந்திப்பிலேயே நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், ஓய்வு ஆணை ஆகியவற்றைக் கேட்டார். பள்ளிக்கு வேறு மாநிலத்தில் கிளை உண்டா என்று கேட்டார். 2023 ஜனவரியில், தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவுடன் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தாக்கல் செய்தார். தவறான நீதிமன்றத்தில் கழிந்த காலத்தைத் தாமதத்துக்குரிய காரணமாக அதிகாரி ஏற்றார். 2024 ஆகஸ்டில் ஆணை வந்தது. வட்டி மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. ஆயின் ஆணையிட்ட பணிக்கொடைத் தொகையைச் செலுத்திய பிறகே நிர்வாகத்தின் மேல்முறையீடு ஏற்கப்படும் என்பது சட்டம். செலுத்தினார்கள்; மேல்முறையீடு தோற்றது; சென்ற ஆண்டு பணம் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் கழித்து.

பணம் வந்த அன்று டீச்சர் தம் பழைய கணக்குத் தாளை எடுத்து வந்து காட்டினார். "அசல் நான் போட்டதுதான் தம்பி. வட்டியைத்தான் போடாமல் விட்டிருந்தேன், இத்தனை நாளாகும் என்று நினைக்கவில்லை" என்றார்.

இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நியமனக் கடிதம், ஒவ்வொரு புதுப்பிப்பு ஆணை, சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டே தரப்படுவதில்லை என்றால் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள். நாளை வழக்கறிஞர் தேவைப்பட்டால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். உங்கள் ஊர்த் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்கள் கண்டவற்றைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தனியொருவரின் பெயரைக் குறிப்பிடாமல், நடைமுறையை மட்டும் எழுதினால் பிறருக்கும் பயன்படும்.